ஆறு பட்டை நாமம்

நண்பரின் மகன் கார் வாங்கியிருக்கிறான். இரண்டு கதவு. ஜெர்மன் சரக்கு. இவன் மூன்றாவது முதலாளி. வாங்கிய விலையைச் சொல்லவில்லை. வாங்கிய பிறகு அதற்குள் கொட்டியதை மட்டும் சொன்னான். கேட்டதும், இருபது வருடம் தவணை கட்டி நான் முடித்த வீட்டுக் கடன் ஞாபகத்துக்கு வந்தது.

“வாங்க அங்கிள், உங்களை வீட்ல இறக்கி விட்டுடறேன்” என்றான்.

நீலாங்கரையிலிருந்து அடையாறு. சனிக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலை. மாட்டு வண்டி இருந்திருந்தால் அதில் போயிருப்பேன், சீக்கிரம் சேர்ந்திருக்கலாம். ஆனால் பையன் ஆசையாகக் கூப்பிடுகிறான். சரி என்றேன்.

கதவைத் திறந்ததும் தெரிந்தது, இது ஏறுகிற கார் இல்லை, இறங்குகிற கார். உள்ளே இருக்கைக்குப் பதிலாக ஒரு தொட்டி இருந்தது. பக்கெட் சீட்டாம். பெயர் வைத்தவன் நேர்மையானவன். தொடைக்கு இரண்டு பக்கமும் சுவர், விலாவுக்கு இரண்டு பக்கமும் சுவர், தலைக்கு இரண்டு பக்கமும் சுவர். சாய்க்க முடியாது. முன்னால் தள்ள முடியாது. பஞ்சு என்று ஒன்று கிடையாது. கட்டுமரத்தில்கூட இதைவிட வசதியாக உட்காரலாம். முதலில் காலை விடுவதா, பின்பக்கத்தை விடுவதா என்று யோசித்தேன். கடைசியில் இரண்டும் போகாமல் தலை போனது.

அடுத்து பட்டை. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. மீதி இரண்டு போகிற வழியைக் குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் எழுத முடியாது. ஆறும் வந்து தொப்புளுக்கு மேலே ஒரு வட்டப் பூட்டில் சேர்கின்றன. பையன் வெளியே நின்று, காலை வாசற்படியில் ஊன்றி, ஒவ்வொன்றாக இழுத்தான். “மூச்சு விட முடியுதா அங்கிள்?” என்றான். முடிகிறது என்றேன். இன்னொரு இழு இழுத்தான்.

அந்த நிலையில் என்னால் பார்க்க முடிந்தது மார்பின் மேல் இருந்த பட்டையை மட்டும்தான். அதில் ஒரு சின்னத் துணிச் சீட்டு தைத்திருந்தது. இந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்று போட்டு, ஒரு வருடமும் அச்சடித்திருந்தது. அந்த வருடம் போய் நான்கு தீபாவளி ஆகிவிட்டது.

“தம்பி, இது காலாவதி ஆனதா?”

“அது ரேஸுக்குத்தான் அங்கிள். ரோட்டுக்கு ஒண்ணும் ஆகாது.”

பந்தயக் குழு ஒன்று விதிப்படி தூக்கிப் போட வேண்டியதை இவன் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். மாத்திரை காலாவதி ஆகிவிட்டது, பரவாயில்லை, உள்ளூர்க் காய்ச்சலுக்குக் கேட்கும் என்கிற மாதிரி.

அவன் சுற்றி வந்து தன் தொட்டிக்குள் இறங்கினான். அவனுக்கும் ஆறு பட்டை உண்டு. அவற்றை அழகாக மடித்தான். பின்புறம் தள்ளினான். மேலே உட்கார்ந்தான். சாவியைத் திருகினான்.

கார் கத்தவில்லை. பெல்ட் போடவில்லை என்றால் கத்த வேண்டிய கார். பார்த்தேன். பழைய பெல்ட்டின் பூட்டுக்குள் ஒரு உலோக நாக்கு செருகியிருந்தது. நாக்கு மட்டும். அதன் பின்னால் பெல்ட் இல்லை.

“நீ போடலையா?”

“சிட்டிக்குள்ள எதுக்கு அங்கிள்? போட்டு எடுக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும்.”

“பின்னே எதுக்கு மாட்டினே?”

“சேஃப்டி அங்கிள்.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பந்தயக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. சென்னைக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் பழைய உறவு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் பிறந்தது. சோழவரத்தில் யுத்த கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தபோது ஊரே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே வந்துவிட்டது. அங்கே இந்த ஆறு முனைப் பட்டைக்கு வேலை இருக்கிறது. மரியாதையும் இருக்கிறது. பந்தயத்துக்கு முன்னால் ஒருவர் வருவார். பட்டையைத் தடவிப் பார்ப்பார். தையலைப் பார்ப்பார். சீட்டில் அச்சடித்த வருடத்தைப் பார்ப்பார். வருடம் தாண்டியிருந்தால் இறங்கு என்பார். உன் அப்பா யார் என்று கேட்க மாட்டார்.

அங்கே அந்தப் பட்டை தனி ஆளாக வேலை செய்வதில்லை. அதைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு இருக்கும். ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். ஹெல்மெட்டையும் தோளையும் பிணைக்கும் ஹான்ஸ் என்ற கருவி இருக்கும். இவ்வளவும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு. ஒன்றை உருவினாலும் கணக்கு மாறும்.

எப்படி மாறும் என்று தெரிய வேண்டுமானால் டேல் எர்ன்ஹார்ட்டைக் கேட்க வேண்டும். கேட்க முடியாது. அமெரிக்கப் பந்தய உலகின் சூப்பர் ஸ்டார். 2001 பிப்ரவரி 18, டேடோனா. கடைசிச் சுற்று. சுவரில் மோதினார். பந்தயப் பட்டை கட்டியிருந்தார். ஹான்ஸ் மாட்டவில்லை.  தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. மண்டையோட்டின் அடித்தளம் முறிந்தது. அதே வருடம் அக்டோபரில், அந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு தலைக்கட்டுக் கருவியைக் கட்டாயமாக்கியது. 2003இல் ஃபார்முலா ஒன்னும் கட்டாயமாக்கியது. ஏழு முறை பட்டம் வென்றவருக்கே இந்தக் கதி. நம் ஆள் ஹான்ஸ் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “அது வெளிய தெரியாது அங்கிள்.”

இனி கூண்டுக்கு வருவோம். கூண்டு போட்டால் பின்பக்கம் பை வைக்க இடம் இருக்காது. ஆகவே கூண்டு இல்லை. கூண்டு இல்லாத கார் கவிழ்ந்தால் கூரை நசுங்கி இறங்கும். சாதாரண பெல்ட் போட்டவன் உடம்பு பக்கவாட்டில் கொஞ்சம் சாயும். அந்தச் சாய்வில் உயிர் தப்ப ஒரு வழி உண்டு. ஆறு முனைப் பட்டை போட்டவன் ஆணி அடித்த மாதிரி நேராக உட்கார்ந்திருப்பான். கூரை வரும். இவன் வரவேற்பான்.

தோள்பட்டையை எங்கே கட்டுவது என்பதற்கு ஒரு கோணம் இருக்கிறது. தோளிலிருந்து பின்பக்கம் கிட்டத்தட்டக் கிடையாகப் போக வேண்டும். பத்து டிகிரி இறங்கலாம். நாற்பத்தைந்துக்கு மேல் கூடவே கூடாது. இது சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதி. பட்டையைக் கட்டும் போல்ட்டுக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் தடிமனில் எஃகுத் தகடு வைக்க வேண்டும் என்பதும் விதி. நம் ஊர்ப் பட்டறையில் இதற்கெல்லாம் நேரம் ஏது? பின்சீட்டைக் கழற்றினார்கள். தரையில் ஓட்டை போட்டார்கள். போல்ட்டை முறுக்கி ஒரு வாஷர் வைத்தார்கள். தீர்ந்தது வேலை. தோளிலிருந்து பட்டை நேராகத் தரைக்கு இறங்குகிறது. மோதும்போது முன்னால் போகிற உடம்பை அது பின்னால் இழுக்காது. கீழே அமுக்கும். முதுகெலும்பு அடுக்கி வைத்த இட்லித் தட்டு மாதிரி. மேலிருந்து அமுக்கினால் என்ன ஆகும் என்று சமையல் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இது சேஃப்டி.

அதற்காக அவன் கழற்றி எறிந்தது எதை என்று பாருங்கள். நில்ஸ் போலின் என்று ஒரு ஸ்வீடன் நாட்டு இஞ்சினியர். விமானத்தில் விமானியைத் தூக்கி எறியும் இருக்கை செய்துகொண்டிருந்தவர். வோல்வோ கம்பெனி அவரைக் கூப்பிட்டு, ஆளைக் காருக்குள்ளேயே வைத்திருக்க ஒரு வழி சொல் என்றது. 1959இல் சொன்னார். மூன்று முனை பெல்ட். ஒரே கையால் இழுத்து ஒரே சொடுக்கில் மாட்டலாம். வோல்வோ அதற்குக் காப்புரிமை வாங்கியது. வாங்கிவிட்டு, எல்லாக் கம்பெனியும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று திறந்து விட்டது. இலவசம் என்ற சொல்லுக்கு நாம் வைத்திருக்கும் பொருள் வேறு என்பதால் மறுபடி சொல்கிறேன். உயிரைக் காக்கும் பொருளை, படம் ஒட்டாமல், பெயர் அச்சடிக்காமல், இலவசமாகக் கொடுத்தார்கள்.

அதன்பிறகும் பல தலைமுறை இஞ்சினியர்கள் அந்தப் பட்டையைச் செதுக்கியிருக்கிறார்கள். மோதல் வரும் அந்தக் கணத்தில் சின்ன வெடி ஒன்று வெடித்துத் தொய்வை இழுக்கும். பிறகு விலா எலும்பு உடையாதபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். அதே நேரம் காற்றுப்பை விரியும். பட்டையும் பையும் ஒன்றையொன்று நம்பி வேலை செய்கின்றன. நாதஸ்வரமும் தவிலும் போல. இவன் தவிலைக் கிழித்து நாதஸ்வரத்தை விற்றுவிட்டான். அசல் பெல்ட் பட்டறையின் மூலையில், சாக்கு மூட்டையில், பழைய சைலன்சருக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

காற்றுப்பையும் போயிற்று. பக்கவாட்டுக் காற்றுப்பை பழைய இருக்கைக்குள்தான் இருந்தது. இருக்கை போனதும் அதுவும் போனது. ஸ்டீயரிங்கையும் மாற்றிவிட்டான், பந்தய ஸ்டீயரிங் போட. அதனால் முன் காற்றுப்பையும் போனது. காருக்கு இது பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கைப் போட்டு, பை காணோம் பை காணோம் என்று முறையிட்டது. பட்டறை ஆள் அதற்கும் மருந்து வைத்திருந்தான். சில ரூபாய் விலையுள்ள ஒரு ரெசிஸ்டர். ஒயரின் நுனியில் பற்றவைத்தான். விளக்கு அணைந்தது. பை இருக்கிறது என்று கார் இப்போது நம்புகிறது.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் விளக்கை அணைக்கும் கலை இந்தப் பையன் கண்டுபிடித்ததில்லை. 2022 செப்டம்பர் 4, மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே ஒரு விபத்து. டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின்சீட்டில் இருந்தவர் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். நாடு அதிர்ந்தது. அமைச்சர்கள் அறிக்கை விட்டார்கள். தொலைக்காட்சியில் பெல்ட் பற்றி நான்கு நாள் சண்டை நடந்தது. அந்த நேரத்திலும் இணைய அங்காடிகளில் ஒரு பொருள் அமோகமாக விற்றுக்கொண்டிருந்தது. பெல்ட் போடாமலே போட்டதாகக் காரை ஏமாற்றும் உலோக நாக்கு. இதே நாக்கு. 2023 மே மாதம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விழித்துக்கொண்டு ஐந்து அங்காடிகளுக்கு உத்தரவு போட்டது. எத்தனை விளம்பரங்களை நீக்கினார்கள் தெரியுமா? 13,118. மூன்று முனை பெல்ட்டை உலகுக்குச் சும்மா கொடுத்தான் ஒருவன். அதைப் போடாமல் இருக்க நாம் காசு கொடுத்தோம்.

2022இல் பெல்ட் போடாமல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 16,715 பேர். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் 8,331 பேர் பயணிகள். வண்டியே ஓட்டாதவர்கள். அதே வருடம் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் பிடித்தது எந்த மாநிலம்? 64,105 விபத்து. நாம்தான். அதற்குக் கட்-அவுட் வைத்த ஆளை நான் பார்க்கவில்லை.

கார் திருவான்மியூரை நோக்கி ஊர்ந்தது. ஊர்ந்தது என்பதே மரியாதைக்காக எழுதியது. முந்நூறு சொச்சம் குதிரைச் சக்தி, முன்னால் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றது. லாரியின் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் எங்கள் பானெட்டைக் கழுவியது. சென்னையில் காருக்கு 60 கிலோமீட்டர் வேகம்தான் உச்சம், குடியிருப்புத் தெருவில் 30 என்று 2023 நவம்பரில் போலீஸ் அறிவித்தது. அந்த வேகத்தைத் தொட்டவர் யாராவது இருந்தால் அவருக்கு நான் பொன்னாடை போர்த்தத் தயார். ஒவ்வொரு பள்ளமும் அந்தத் தொட்டியின் வழியாக நேராக என் தண்டுவடத்தில் வந்து பேசியது. எந்தப் பள்ளம் குடிநீர் வாரியம் தோண்டியது, எந்தப் பள்ளம் மின்வாரியம் தோண்டியது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றேன்.

“லெஃப்ட்ல வண்டி வருதா பாருங்க அங்கிள்” என்றான் பையன்.

எப்படிப் பார்ப்பது? தோள் கட்டியிருக்கிறது. தலைக்குப் பக்கத்தில் சுவர். கண்ணை மட்டும் உருட்டினேன். அவனுக்கும் அதே சுவர்தான். அவன் பார்க்காமலே திருப்பினான். ஒரு ஸ்கூட்டர்க்காரர் இரண்டு காலையும் ஊன்றித் தன் உயிரைத் தானே பிடித்துக்கொண்டார். அவர் எங்கள் பரம்பரையைப் பற்றிச் சொன்னது கண்ணாடி ஏற்றியிருந்ததால் முழுதாகக் காதில் விழவில்லை. நியாயமாகத்தான் சொல்லியிருப்பார்.

இந்தக் காரில்தான் போன மாதம் அவனும் மனைவியும் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனார்களாம். மனைவி காஞ்சிபுரம் பட்டு. ஆறு முனைப் பட்டையையும் ஆறு கெஜப் புடவையையும் ஒரே உடம்பில் கட்டுவது எப்படி என்பதற்கு அந்த சர்வதேச சம்மேளனம் இன்னும் விதி எழுதவில்லை. இரண்டு பட்டை போகும் வழியில் புடவை இருக்கிறது. வேட்டிக்கும் அதே கதிதான். ஆகவே அந்த அம்மாவும் தன் பட்டைகளை மடித்து மேலே உட்கார்ந்துகொண்டார். பழைய பெல்ட் மூட்டையில் இருக்கிறது. மொத்தம் பன்னிரண்டு பட்டை உள்ள காரில், போகவர ஐம்பது கிலோமீட்டர், இருவரும் ஒரு நூலும் கட்டாமல் போய்வந்தார்கள்.

“பாப்பா?” என்றேன். மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.

“பின்சீட் இல்லையே அங்கிள். அம்மா மடியிலதான்.”

நான் பேசவில்லை. பேசியிருந்தால் நண்பரின் நட்பு போயிருக்கும். இப்போது எழுதியதால் எப்படியும் போகப் போகிறது. தம்பி, மடி என்பது இருக்கை இல்லை. கார் திடீரென நிற்கும்போது குழந்தையைத் தாயின் கை பிடிக்காது. எந்தத் தாயின் கையும் பிடிக்காது. பிடிக்கும் என்று நம்புவது பாசம். அந்த நம்பிக்கையில் காரை எடுப்பது வேறு. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைப் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் கூட்டிப்போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் ஆயிரம் ரூபாய் அபராதம். உன் காரின் கியர் குமிழ் அதைவிட விலை அதிகம்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏராளமாக இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும் என்கிறது 182ஏ. இந்தப் பையனின் பதிவுச் சான்றில் இருக்கை நான்கு என்று இருக்கிறது. காரில் இரண்டு இருக்கிறது. யாருக்குத் தெரியும்? தனியார் காரைப் புதிதாகப் பதியும்போது ஒருமுறை பார்ப்பார்கள். அடுத்து பதினைந்து வருடம் கழித்துப் பார்ப்பார்கள். நடுவில் நீங்கள் ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டுக் கடிவாளம் மாட்டினாலும் அரசுக்குத் தகவல் இல்லை. புகைச் சான்று மட்டும் இருக்க வேண்டும். புகை சரியாக இருந்தால் போதும், ஆள் எரிந்தால் பரவாயில்லை.

மேலே இருப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு காருக்கும் ஆறு காற்றுப்பை கட்டாயம் என்றார்கள். 2022 அக்டோபர் என்று தேதி வைத்தார்கள். பிறகு 2023 அக்டோபர் என்றார்கள். அந்த அக்டோபர் வரும் முன்னே, கட்டாயமெல்லாம் இல்லை என்றார்கள். காருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியை 2017 டிசம்பரில் தடை செய்தார்கள். அது மோதலின் விசையைக் குழப்பிக் காற்றுப்பையைக் கெடுக்கும், நடந்து போகிறவனைக் கொல்லும். நல்ல தடை. அதை யார் கழற்றியிருக்கிறார்கள் என்று பார்க்க, ஏதாவது ஒரு கட்சியின் மாவட்ட மாநாட்டு வாசலில் போய் நில்லுங்கள். கொடி பறக்கும் வண்டிகளின் மூக்கைப் பாருங்கள்.

இன்னொன்று. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. தீவுத்திடலைச் சுற்றிச் சாலையையே பந்தயத் தடமாக்கி, விளக்குப் போட்டு, ராத்திரி கார் பந்தயம் விட்டோம். முந்தின டிசம்பரில் வைத்திருந்தது, மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப்போனது. முதல் நாள் சர்வதேச சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் வர நேரமானது. மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ஹெல்மெட், ஹான்ஸ், ஆறு முனைப் பட்டை எல்லாம் கட்டிய பிள்ளைகள், சான்றிதழ் இல்லாமல் அந்தச் சாலையில் சக்கரத்தை உருட்ட முடியவில்லை. சரிதான். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இருபது வருடமாக அதே சாலையில் அரை ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் மனைவியுமாக நான் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறேனே, அப்போது எந்தச் சான்றிதழ் வந்தது? பந்தயத்துக்காகப் பள்ளத்தை மூடினார்கள். பந்தயக்காரன் இடுப்பு நோகக் கூடாது என்பதற்காக. வரி கட்டுகிறவன் இடுப்பு அரசு எலும்பியல் பிரிவின் பொறுப்பு.

திருவான்மியூர் சிக்னல். சிவப்பு. எங்கள் பக்கத்தில் ஒரு டிவிஎஸ் மொபெட். முன்னால் சிலிண்டர். ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டிருந்தார். பின்னால் இருந்த பெண்மணி போடவில்லை. போக்குவரத்துக் காவலர் வந்தார். முதலில் எங்கள் காரைப் பார்த்தார். குனிந்து உள்ளே பார்த்தார். என் மார்பின் மேல் சிவப்புப் பட்டைகளைப் பார்த்தார். பையனின் மார்பின் மேல் எதுவுமே இல்லாததையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“ரேஸ் வண்டியா தம்பி? எவ்வளவு போவும்?”

“முந்நூறு சார்.”

“சூப்பர்.” கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு திரும்பி, சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்து, மொபெட்டின் எண்ணைப் படம் பிடித்தார். பின்னால் இருப்பவருக்கு ஹெல்மெட் இல்லை. ஆயிரம் ரூபாய். அந்த மனிதர் சிலிண்டரை ஒரு முறை பார்த்தார். அதன் விலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அவர் போட்டது தப்பான அபராதம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்மணிக்கும் ஒரு தலைதான். ஆனால் ஒரே சிக்னல், ஒரே காவலர், ஒரே சட்டம். ஒருவனுக்கு ரசீது. ஒருவனுக்குக் கட்டைவிரல்.

“பாவம் அங்கிள் இவங்க” என்றான் பையன் பச்சை விழுந்ததும். “சேஃப்டி கான்ஷியஸே கிடையாது.”

நான் கட்டப்பட்டிருந்தேன். அவன் பிழைத்தான்.

அடையாறில் எங்கள் அடுக்ககத்துக்கு இப்போது வெள்ளை அடிக்கிறார்கள். மூன்று மாதமாக அடிக்கிறார்கள். சங்கத்துக்குப் பல ஒப்பந்தப் புள்ளிகள் வந்தன. எல்லாவற்றிலும் குறைவான தொகையைச் சொன்னவருக்கே வேலை கொடுத்தோம். நானும் கையைத் தூக்கியவன்தான். நான்காவது மாடியிலிருந்து ஒரு பலகை தொங்கும். பலகையில் ஒருவர் உட்கார்ந்து சுவரைத் தேய்ப்பார். இடுப்பில் ஒரு நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கும். குழாயை எதில் கட்டியிருக்கிறார்கள் என்று நான் போய்ப் பார்த்ததில்லை.

கார் வாசலில் நின்றது. வட்டப் பூட்டைத் திருகினேன். ஆறு பட்டையும் விட்டன. இருக்கை விடவில்லை. ஒரு காலை வெளியே வைத்துப் பாதி எழுந்தேன், விலாச் சுவர் பிடித்துக்கொண்டது. இன்னொரு தரம். இல்லை. பையன் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

தேநீர் குடிக்கக் கீழே இறங்கியிருந்த பெயின்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸைச் சுவர் மேல் வைத்துவிட்டு வந்தார். சுண்ணாம்பு அப்பிய கையை லுங்கியில் துடைத்தார். “கையக் குடுங்க சார்.” ஒரே இழுப்பில் வெளியே எடுத்தார். கிணற்றிலிருந்து எடுக்கிற மாதிரி.

பிறகு அவர் போகவில்லை. குனிந்து காருக்குள் பார்த்தார். பட்டையைத் தொட்டார். இரண்டு விரலால் அகலம் பார்த்தார். தையலைப் பார்த்தார். சுருட்டி இழுத்து, பலம் பார்த்தார். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கு முன்னால் வருகிற அந்த ஆளைப் போலவே பார்த்தார். அன்று அந்தக் காரில் பட்டையைப் பட்டையாகப் பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான்.

“நல்ல பட்டையா இருக்கே தம்பி. இதுல பழசு கிழசு ஏதாச்சும் கெடைக்குமா? மேல கட்டிக்க ஆவும்.”

பையன் போனிலிருந்து நிமிர்ந்தான். உண்மையான அக்கறையோடு சொன்னான்.

“இதெல்லாம் வேணாம்ணே. டேட் முடிஞ்சு போனது. டேஞ்சர்.”